வெட்டவெளியில் ஒளிந்திருப்பவர்கள்

கேள்வி: ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ நாவலை இப்போதுதான் முதல்முறையாகப் படித்து முடித்தேன். குற்றவாளி யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஷெர்லக் ஹோம்ஸைப் பாதிக் கதையில் காணவே இல்லை. பேய் நாய் என்று பயமுறுத்திவிட்டுக் கடைசியில் பாஸ்பரஸ் என்கிறார்கள். இதையா நூறு வருடத்துக்கு மேலாகக் கொண்டாடுகிறார்கள்? நீங்கள் படித்தபோது எப்படி இருந்தது?

பதில்:

நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் இருக்கின்றன. மறுக்கப் போவதில்லை. எனக்கும் முதல் தடவை இதே மாதிரிதான் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது நூலகத்தில் ஒரு சுருக்கப் பதிப்பு கிடைத்தது. ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டேன். ஒரு நாய், ஒரு சொத்து, ஒரு வில்லன், கடைசியில் துப்பாக்கிச் சூடு. மனதில் ஒன்றும் தங்கவில்லை. பல வருடம் கழித்து பிளிமத்தில் வேலை கிடைத்துப் போனபோது முழு நாவலையும் படித்தேன். கதை நடக்கும் டார்ட்மூர் அங்கிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம்தான். படித்துக்கொண்டே அந்த நிலத்தில் நடக்கவும் வாய்த்தது. அப்புறம்தான் சுருக்கப் பதிப்பில் எதை வெட்டி எறிந்திருந்தார்கள் என்று புரிந்தது. வெட்டியிருந்தது நிலத்தை. நிலம் போனால் இந்த நாவலில் மிஞ்சுவது நீங்கள் சொன்ன அந்த மூன்று குறைகள்தான்.

இனி முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் ‘பாதியிலேயே தெரிந்துவிட்டது’ என்பதை எடுத்துக்கொள்வோம். பதினைந்து அத்தியாயங்கள் உள்ள நாவல் இது. பாஸ்கர்வில் மாளிகையின் சொந்தக்காரர் சர் சார்லஸ் மர்மமாகச் சாகிறார், குடும்பத்தைத் துரத்தும் பேய் நாய்தான் காரணம் என்று பேச்சு. அடுத்த வாரிசு சர் ஹென்றியைக் காப்பாற்ற ஹோம்ஸும், கதையைச் சொல்லும் அவர் நண்பர் வாட்சனும் இறங்குகிறார்கள். பூச்சி பிடித்துக்கொண்டு திரியும் ஸ்டேபிள்டன்தான் ஆள் என்று பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஹோம்ஸே வாட்சனிடம் சொல்லிவிடுகிறார். அவனுடைய தங்கை என்று எல்லோரும் நம்பும் பெரில் உண்மையில் அவன் மனைவி என்பதும் அங்கேயே வெளிவந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மூன்று அத்தியாயங்கள் மீதம் இருக்கின்றன. அவற்றில்தான் நாவலின் மிகப் பெரிய பயம் இருக்கிறது. ஆள் யார் என்பதைக் கடைசி வரை பொத்திவைக்க ஆர்தர் கோனன் டாயில் நினைத்திருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டார். யார் என்று தெரிந்துவிட்ட பிறகும் பிடிக்க முடியாமல் இருப்பது ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. விடை அந்த நிலத்தில் இருக்கிறது.

டார்ட்மூர் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் இருக்கும் ஒரு கரட்டு மேட்டுநிலம். அடியில் சுமார் 28 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல். மேட்டு உச்சிகளில் அந்தக் கல் வெடித்துத் தேய்ந்து, அடுக்கி வைத்த மாதிரிப் பாறைக் குவியல்களாக நிற்கும். அவற்றை ‘டோர்’ என்பார்கள். மிக உயர்ந்த இடம் 621 மீட்டர்தான். நம் மலைகளோடு ஒப்பிட்டால் பெரிய உயரம் இல்லை. ஆனால் உச்சிகளில் மரம் கிடையாது. புல், புதர், கல், வானம், அவ்வளவுதான். ஒரு டோர் மேல் ஏறி நின்றால் சுற்றிலும் பல மைல் தூரம் தெரியும். தூரத்தில் ஒரு ஆடு நகர்ந்தால்கூடக் கண்ணில் படும்.

இவ்வளவு திறந்த நிலத்தில் ஒருவர் எப்படி ஒளிய முடியும்? நாவல் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். யாருமே ஒளிய முடியாது என்று தோன்றும் ஒரு வெளியில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள், பாருங்கள். பிரின்ஸ்டவுன் சிறையிலிருந்து தப்பிய செல்டன் ஒளிந்திருக்கிறான். ஹோம்ஸ் ஒளிந்திருக்கிறார். பட்டினி போட்டு வளர்க்கப்படும் அந்தப் பிரம்மாண்ட நாய் ஒளிந்திருக்கிறது. பெரில் வீட்டிலேயே வேறொரு உறவின் பெயரில் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறாள். ஸ்டேபிள்டனோ எல்லோர் கண் முன்னாலும் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே, தான் பாஸ்கர்வில் குடும்பத்து வாரிசு என்பதை மறைத்து வைத்திருக்கிறான். மாளிகையில் வேலைக்காரர் பாரிமோர் நள்ளிரவில் மெழுகுவர்த்தியோடு ஜன்னலோரம் போய் நிற்கிறார். வெட்டவெளியாக இருப்பதால்தான் அந்தச் சின்ன வெளிச்சம் தூரத்தில் ஒளிந்திருக்கும் செல்டனுக்குத் தெரிகிறது, அவனுடைய பதில் வெளிச்சம் இங்கே தெரிகிறது. ஊரில் எல்லோர் மேலும் வழக்குப் போடும் ஃபிராங்க்லண்ட் கிழவர் கூரை மேல் தொலைநோக்கி வைத்துக்கொண்டு, ஒரு பையன் தினமும் மேட்டின் மேல் சாப்பாடு கொண்டுபோவதைப் பார்த்துவிடுகிறார். தப்பியோடிய கைதிக்குத்தான் போகிறது என்று அவர் நினைக்கிறார். அது ஹோம்ஸுக்குப் போகும் ரொட்டி. எல்லாம் தெரிகிறது, ஆனால் என்ன தெரிகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. லண்டன் சந்துகளில் நடக்கும் ஹோம்ஸ் கதைகளில் இந்த அனுபவம் கிடையாது. அங்கே சுவர்கள் மறைக்கும். இங்கே பார்ப்பவரின் அறியாமைதான் சுவர்.

கோனன் டாயில் இதை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதவில்லை. 1901 மார்ச்சில் நார்ஃபோக் கடற்கரையில் உள்ள க்ரோமருக்கு ஓய்வுக்குப் போயிருந்தபோது, நண்பர் பெர்ட்ரம் ஃபிளெட்சர் ராபின்சன் பேய் நாய்க் கதை ஒன்றைச் சொன்னார். ராபின்சன் பத்திரிகையாளர், டெவனில் வளர்ந்தவர். பிறகு இருவரும் டார்ட்மூருக்கே போய், பிரின்ஸ்டவுனில் ரோவ்ஸ் டச்சி ஹோட்டலில் தங்கி நடந்தே சுற்றினார்கள். அங்கிருந்து தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், அன்று 14 மைல் நடந்ததாகச் சொல்கிறார். நாவலில் மாளிகையிலிருந்து சிறை எவ்வளவு தூரம் என்று பார்த்தால் அதுவும் 14 மைல்தான். தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், கால் வலியோடு உட்கார்ந்து எழுதுகிற ஒரு மனிதர்தான் எனக்கு நினைவுக்கு வருவார்.

நாய்க் கதைக்கும் அந்த வட்டாரத்தில் வேர் இருக்கிறது. பக்ஃபாஸ்ட்லியில் ரிச்சர்ட் கேபல் என்று ஒரு நிலக்கிழார் இருந்தார், 1677இல் இறந்தார். அவர் கல்லறையைச் சுற்றி வேட்டைநாய்கள் ஊளையிடும் என்று ஊரில் பேச்சு. அந்தக் கல்லறைக்கு மேல் கம்பிக் கதவு போட்ட ஒரு சின்னக் கட்டடமே கட்டியிருக்கிறார்கள். மேட்டில் விஸ்ட்மன்ஸ் வுட் என்று ஒரு குட்டைக் கருவாலிக் காடு உண்டு. பாசி போர்த்திய பாறைகளுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். அங்கிருந்தும் பேய் நாய்கள் புறப்படும் என்பார்கள். ஆக, அந்த நிலம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த கதையை நாவலாசிரியர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்.

அடுத்து, நாவலின் உயிர்நாடியான கிரிம்பன் புதைசேறு. இந்தப் பெயர் கற்பனை. பிரின்ஸ்டவுனுக்குத் தெற்கே உள்ள ஃபாக்ஸ் டோர் மையர்ஸ் என்ற சதுப்புதான் அதற்கு மாதிரி என்று பொதுவாகச் சொல்வார்கள். (கற்பனைப் பெயர் என்றாலும் அதற்குத் தனி வாழ்க்கை உண்டு. கவிஞர் டி. எஸ். எலியட் 1940இல் வெளியிட்ட ஒரு நீள்கவிதையில், கால் ஊன்ற இடமில்லாத நிலத்தைச் சொல்ல ‘கிரிம்பன்’ என்பதை ஒரு சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்.) நான் அந்தச் சதுப்பின் விளிம்பு வரை போயிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல மேய்ச்சல் நிலம் மாதிரி இருக்கும். எங்கே பச்சை மிகவும் பளிச்சென்று இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து அதிகம். ஸ்ஃபாக்னம் என்ற பாசி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு மேலே மெத்தை மாதிரி பரவி நிற்கும். அதன் அடியில் தண்ணீரும் கரிச்சேறும். அந்த மாதிரி இடங்களை அங்குள்ளவர்கள் ‘இறகு மெத்தை’ என்றே சொல்வதுண்டு. ஓரத்தில் கால் வைத்தால் பத்தடி தள்ளியிருக்கும் புல்லும் சேர்ந்து அசையும். என் கால் முழங்கால் வரை ஒரு தடவை இறங்கிவிட்டது. இழுத்தபோது கால்தான் வந்தது, ஷூ உள்ளேயே நின்றது. குனிந்து கையால் தோண்டித்தான் எடுத்தேன்.

நாவலில் காட்டுவது போல ஒரு குதிரைக்குட்டி கழுத்துவரை முறுக்கிக்கொண்டு சில நிமிடங்களில் முழுதாக மறைந்துபோகுமா என்றால், அவ்வளவு வேகம் கதைக்காகக் கூட்டியதுதான். சேறு தண்ணீரைவிடக் கனமானது. உடல் ஓரளவு இறங்கியதும் மிதப்பு வந்துவிடும். இடுப்புவரை, மார்புவரை மாட்டிக்கொள்வதுதான் நிஜத்தில் நடப்பது. குளிரும் களைப்பும்தான் ஆளை முடிக்கும். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஹோம்ஸ் இடுப்புவரை இறங்கிவிடுகிறார், கூட வந்தவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். எனக்கு அந்த இடம்தான் குதிரைக் காட்சியைவிட நிஜமாகப் படுகிறது. மாடும் குதிரையும் உளைச்சேற்றில் மாட்டுவது அந்த மேட்டில் வழக்கமாக நடப்பதுதான். ஃபாக்ஸ் டோர் சதுப்புக்கு அருகிலேயே ‘சைல்டின் கல்லறை’ என்று ஒரு கற்சிலுவை நிற்கிறது. பனிப்புயலில் சிக்கிய ஒரு வேட்டைக்காரன், தன் குதிரையைக் கொன்று குடலை எடுத்துப் போட்டுவிட்டு அதன் வயிற்றுக்குள் சூட்டுக்காகப் புகுந்துகொண்டான், ஆனாலும் விறைத்துச் செத்தான் என்பது அதன் பழங்கதை. கோனன் டாயில் ஒரு நாயைக் கொண்டுவந்தார் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் காலடி வைத்த இடமெல்லாம் இப்படி ஒரு சாவு இருந்தது.

சரி, ஹோம்ஸ் ஏன் இல்லை? ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் விடைகொடுத்துவிட்டு, பதினோராம் அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் குரலாகத் திரும்பி வருகிறார். பதினைந்தில் ஏறக்குறைய ஆறு அத்தியாயம் அவர் இல்லை. முதலில் இந்தக் கதையை ஹோம்ஸ் இல்லாத ஒரு திகில் கதையாகத்தான் கோனன் டாயில் நினைத்திருந்தார். பிறகு, கதையைத் தாங்க ஒரு வலுவான ஆள் வேண்டும், புதிதாக ஒருவரை உருவாக்குவானேன் என்று ஹோம்ஸை உள்ளே கொண்டுவந்தார். 1893 டிசம்பரில் வந்த கதையிலேயே ஹோம்ஸை அருவியில் சாகடித்துவிட்டதால், இது அதற்கு முன்பு நடந்தது என்ற ஏற்பாட்டில் எழுதினார். அதனால் அவர் இல்லாத பகுதியைச் சிலர் அந்தப் பழைய திட்டத்தின் தடமாகப் பார்க்கிறார்கள்.

எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை, பலமாகவே தோன்றுகிறது. ஹோம்ஸ் கூடவே இருந்திருந்தால் மேட்டின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்போதே விளக்கம் வந்துவிடும். விளக்கம் வந்த இடத்தில் பயம் தங்காது. வாட்சன் நல்லவர், துணிச்சல்காரர், நேர்மையாகப் பார்த்து எழுதுபவர். ஆனால் அவருக்கு அந்த நிலத்தைப் படிக்கத் தெரியாது. அவர் எழுதும் அறிக்கைகளிலும் நாட்குறிப்பிலும் மழை, மூட்டம், கல், மாலை வெளிச்சம் என்று நிலம்தான் மேலும் மேலும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நகரத்து மனிதர் மெல்ல மெல்ல ஒரு நிலத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறார். வாசகரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார். நிலா வெளிச்சத்தில் ஒரு டோர் மேல் ஒல்லியான ஓர் உருவம் நிற்பதை வாட்சன் பார்க்கும் இடம் நினைவிருக்கிறதா? அது யார் என்று தெரிந்த பிறகு மறுபடி படித்துப் பாருங்கள். தன் நெருங்கிய நண்பரையே அந்த மேட்டின் பூதம் மாதிரி பார்த்திருக்கிறார். அந்தப் பார்வை ஹோம்ஸ் பக்கத்தில் இருந்தால் கிடைத்திருக்காது.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். ஹோம்ஸ் தங்கியிருந்த கற்குடிசைகள் வெண்கலக் கால மனிதர்கள் கட்டியவை. டார்ட்மூரில் அவை ஏராளம். கிரிம்ஸ்பவுண்ட் என்ற இடத்தில் ஒரே மதில் வளையத்துக்குள் 24 குடிசைகளின் அடித்தளம் இருக்கிறது. ஆனால் நேரில் போனால் மிஞ்சியிருப்பது தாழ்வான கல்வட்டங்கள்தான். கூரை எதுவும் கிடையாது. நாவலில் வாட்சன் போய்ப் பதுங்கும் குடிசைக்கு மழை தாங்கும் அளவு கூரை இருக்கிறது. கிரிம்ஸ்பவுண்டில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கல்வட்டம் ஒன்றுக்குள் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்ததும், இருட்டில் வெளியே காலடிச் சத்தத்துக்காகக் கைத்துப்பாக்கியோடு காத்திருந்த வாட்சன் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

மூடுபனியைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அன்று அந்தச் சதுப்பின் விளிம்பில் நின்றபோது வெயில் இருந்தது. மேற்கே ஒரு வெள்ளைக் கரை தெரிந்தது, மேகம் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் அது என் மேல் இருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடப் புரியவில்லை. எங்கோ ஆடு கத்தியது. முன்னால் கத்துகிறதா, பின்னாலா என்று சொல்ல முடியவில்லை. அங்கே வெட்டிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. டெவன்போர்ட் கப்பல்துறைக்குக் குடிநீர் கொண்டுபோக 1790களில் தோண்டியது. மூடுபனியில் மாட்டினால் ஓடும் தண்ணீரையோ சுவரையோ பிடித்துக்கொண்டு நட என்று கூட வேலை செய்த ஒருவர் சொல்லியிருந்தார். அதன் கரையை விடாமல், தண்ணீர் போகும் திசையில் நடந்து நன்ஸ் கிராஸ் பண்ணை வீட்டை அடைந்து, அங்கிருந்து வண்டித்தடம் பிடித்து பிரின்ஸ்டவுன் திரும்பினேன். அன்றிரவு பதினான்காம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதுவரை அதை நான் சரியாகப் படித்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அத்தியாயத்தில் ஹோம்ஸ், வாட்சன், போலீஸ் அதிகாரி லெஸ்ட்ரேட் மூவரும் ஸ்டேபிள்டன் வீட்டுக்கு எதிரே பாறை மறைவில் காத்திருக்கிறார்கள். உள்ளே சர் ஹென்றி விருந்து சாப்பிடுகிறார். அவர் தனியாகத் திரும்பும்போது நாயை ஏவுவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பது திட்டம். எல்லாம் சரியாக இருக்கிறது. அப்போது சதுப்பின் மேலிருந்து பனி மெல்ல நகர்ந்து வருகிறது. ஹோம்ஸின் நிதானம் குலைவது அங்கேதான். தன் திட்டத்தைக் கெடுக்கக்கூடியது உலகத்தில் அது ஒன்றுதான் என்று அவரே சொல்கிறார். ஒரு குற்றவாளியோ பொய்யோ சாட்சியோ அல்ல, வானிலை. பின்வாங்கிப் பின்வாங்கி மேட்டில் ஏறுகிறார்கள். நாய் பனிக்குள்ளிருந்து வெளியே பாயும்போது மிகக் கிட்டத்தில்தான் தெரிகிறது. லெஸ்ட்ரேட் தரையில் குப்புற விழுகிறார். சர் ஹென்றி மயிரிழையில் தப்புகிறார். நாயைச் சுட்டுவிட்டார்கள் என்றாலும், கண் முன்னே ஒரு மனிதரை இரையாக வைத்துத் தோற்கும் நிலைக்கு வந்த ஹோம்ஸை வேறு எங்கே இப்படிப் பார்க்கிறோம்?

ஹோம்ஸைத் தோற்கடிக்கப் பார்த்த அதே பனிதான் ஸ்டேபிள்டனையும் முடிக்கிறது. சதுப்பின் நடுவே கைவிடப்பட்ட தகரச் சுரங்கம் இருக்கும் ஒரு தீவில்தான் நாயை வைத்திருந்தான். (டார்ட்மூரில் பல நூறு வருடங்களாகத் தகரம் தோண்டினார்கள். ஃபாக்ஸ் டோர் சதுப்பின் ஓரத்திலேயே ஒயிட்வொர்க்ஸ் என்ற பழைய சுரங்கத்தின் மிச்சங்கள் இருக்கின்றன.) அந்தத் தீவுக்குப் போகும் வழியில் அடையாளக் குச்சிகள் நட்டிருக்கிறான். தூணோடு கட்டிவைத்து அடிக்கப்பட்டிருந்த பெரிலை அவிழ்த்துவிடுகிறார்கள். வெளியே ஜன்னலை அடைத்து நிற்கும் பனியைப் பார்த்து அவள் கைதட்டிச் சிரிக்கிறாள். உள்ளே போக வழி கண்டுபிடித்தாலும் வெளியே வர மாட்டான், இந்த இரவில் குச்சிகள் எப்படித் தெரியும், அவற்றை நாங்கள் இருவரும் சேர்ந்துதானே நட்டோம் என்கிறாள். நாவல் முழுவதிலும் என்னை நடுங்கவைத்தது நாயின் எரியும் வாய் அல்ல, இந்தச் சிரிப்புதான்.

மறுநாள் தேடுகிறார்கள். காலடித் தடம் எதுவும் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கைது இல்லை, வாக்குமூலம் இல்லை, வழக்கு இல்லை. துப்பறியும் கதை என்று எடுத்துக்கொண்டால் இது பெரிய ஓட்டை. நிலத்தின் கதை என்று எடுத்துக்கொண்டால் வேறு முடிவு சாத்தியமே இல்லை. இவ்வளவு நாள் தன் ரகசியத்தை வைத்துக்கொள்ளப் பயன்பட்ட சேறு அவனையும் வைத்துக்கொண்டது.

பாஸ்பரஸ் விஷயத்தில் உங்கள் ஏமாற்றம் எனக்கும் உண்டு. வெள்ளைப் பாஸ்பரஸை நாயின் முகத்தில் தடவினால் காற்று பட்டுத் தீப்பிடிக்கும், நாய் முதலில் செத்துவிடும், விஷம் வேறு. டாக்டருக்குப் படித்த கோனன் டாயிலுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. நாய்க்கு மோப்பம் கெடாத ஏதோ ஒரு கலவை என்று சொல்லி நழுவிவிடுகிறார். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் வேறு பெயரில் குடியிருந்தவன், வாரிசு செத்ததும் சொத்து எனக்குத்தான் என்று எப்படி வந்து நிற்க முடியும்? கடைசி அத்தியாயத்தில் வாட்சன் கேட்கிறார், ஹோம்ஸ் சில வழிகளை ஊகிக்கிறாரே தவிர உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கடைசி அத்தியாயமே எனக்குப் பிடிக்காது. மேட்டை விட்டு லண்டன் கணப்படுப்புக்கு வந்து உட்கார்ந்ததும் கதைக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

ஆனால் பூட்ஸ் துப்பு அருமையானது. லண்டன் ஓட்டலில் முதலில் சர் ஹென்றியின் ஒரு புது பூட்ஸ் காணாமல் போகிறது, பிறகு ஒரு பழைய பூட்ஸ் காணாமல் போய், புதியது திரும்பிவந்துவிடுகிறது. புதியதில் மனித வாடை இருக்காது, எனவே வருவது பேய் அல்ல, மோப்பம் பிடிக்கும் நிஜ நாய். அந்த வாடையே பிறகு செல்டனைக் கொல்கிறது, சர் ஹென்றியின் பழைய உடைகளை அவன் போட்டிருந்ததால். துப்பும் சாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

செல்டனைப் பற்றி இன்னொன்று. நாவல் அவனை மிருகம் மாதிரிதான் வர்ணிக்கிறது. மண்டையோட்டின் வடிவத்தை வைத்து ஆளை எடைபோடும் அந்தக் காலத்து எண்ணங்கள் அந்த ஊர் டாக்டர் மார்ட்டிமர் வாயிலாகக் கதையெங்கும் இருக்கின்றன, படிக்கும்போது உறுத்துகின்றன. ஆனால் அவன் செத்த செய்தி கேட்டு பாரிமோரின் மனைவி அழும் இடத்தில் கோனன் டாயில் அந்தப் பார்வையைத் தானே உடைத்துவிடுகிறார். அவளுக்கு அவன் கொலைகாரன் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தம்பி. அவன் தப்பிவந்த பிரின்ஸ்டவுன் சிறை இன்றும் அந்த மேட்டில் நிற்கிறது. நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை அடைக்க 1809இல் திறந்தார்கள், 1850இல் அதைக் குற்றவாளிகளுக்கான சிறையாக்கினார்கள். அந்தக் கருங்கல் மதிலைப் பார்த்த பிறகு, தப்பியவன் பசியோடும் குளிரோடும் மேட்டில் எத்தனை இரவு தாங்கியிருப்பான் என்ற நினைப்பு வராமல் அவனைப் பற்றிப் படிக்க முடியவில்லை. நாயும் அப்படித்தான். அது என்ன பாவம் செய்தது? சங்கிலியில் கட்டி, பட்டினி போட்டு, இருட்டில் வளர்த்தார்கள். மார்ட்டிமரின் சின்ன ஸ்பேனியல் நாய் காணாமல் போனது ஞாபகம் இருக்கும். அதன் எலும்பும் சுருட்டை முடியும் அந்தத் தீவில் கிடைக்கின்றன. பசித்த நாய்க்கு அது இரையாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை வேகமாகத் தாண்டிவிட என்னால் முடிந்ததே இல்லை.

இதை முதலில் படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள் என்றும் யோசியுங்கள். ‘தி ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல் வரை ஒன்பது மாதம் தொடராக வந்தது, சிட்னி பேஜெட்டின் படங்களோடு. முதல் பகுதி, சர் சார்லஸின் உடல் அருகே பார்த்தவை ஒரு பிரம்மாண்ட வேட்டைநாயின் காலடித் தடங்கள் என்று மார்ட்டிமர் சொல்வதோடு நின்றுவிடுகிறது. அடுத்தது தெரிய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஹோம்ஸ் போய்விட்டார் என்று எட்டு வருடமாக நினைத்திருந்த வாசகர்கள் அவர்கள். பாதிக் கதையில் ஹோம்ஸைக் காணோம் என்றால் அவர்களுக்கு அது மாதக்கணக்கில் நீண்ட பிரிவு. கற்குடிசைக்கு வெளியே அந்தப் பழகிய குரல் கேட்டதும் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நாம் இரண்டு நாளில் முடித்துவிடுகிறோம். அடுத்த முறை ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில்.

முழுதாகத் திரும்பப் படிக்கப் பொறுமை இல்லை என்றால் ஏழாம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். ஸ்டேபிள்டன் வாட்சனை முதல்முதலில் சந்திக்கும் இடம். புதைசேற்றைக் காட்டுகிறான். குதிரைக்குட்டி முங்குகிறது. இதற்குள் போய்வர எனக்கு மட்டும் வழி தெரியும் என்று தானாகவே பெருமைப்படுகிறான். மேட்டின் மேல் ஒரு முனகல் எழும்போது, பிட்டர்ன் என்ற நாரைவகைப் பறவையாக இருக்கலாம் என்கிறான். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட அழிந்துபோன இனம் என்று கூடவே சொல்கிறான். அது உண்மையும்தான், 1880களில் அங்கே இனப்பெருக்கமே நின்றுபோய், 1911இல்தான் நார்ஃபோக்கில் மறுபடி கூடு கட்டியது. இயற்கை அறிஞனின் வாயிலிருந்து வரும் சரியான தகவல், அதற்குள் மறைந்திருக்கும் பொய். கொலை எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும், யாருக்கு அது தெரியும் என்று எல்லாவற்றையும் அவனே வாட்சனிடம் சொல்லி முடித்துவிடுகிறான். அப்போது ஒரு பூச்சி குறுக்கே பறக்கிறது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சதுப்பை நோக்கி ஓடுகிறான். வாட்சன் பதறிப்போய் நின்று பார்க்கிறார். ஒரு கணம்கூட நிற்காமல், புல்திட்டு விட்டுப் புல்திட்டு தாவிக்கொண்டே போகிறான். கையில் பச்சை வலை காற்றில் ஆடிக்கொண்டே போகிறது.